சிற்றூருக்குப் பொதுக் கட்டடம் திட்டமிடுவது எப்படி? சேலம் சமவெளிக்கும் சேர்வராயன் மலைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வாழப்பாடி, தம்மம்பட்டி, மேச்சேரி, ஜலகண்டபுரம் போன்ற ஓர் ஊருக்கு நூலகமோ சமுதாயக் கூடமோ துணை சுகாதார நிலையமோ வருகிறது என்றால், பெரும்பாலும் வரைபடத்தில்தான் பேச்சு தொடங்குகிறது. நிதி இவ்வளவு, இடம் கிடைத்த புறம்போக்கு, பிளான் பக்கத்து ஊரில் கட்டியதன் நகல். திறப்பு விழா முடிந்து ஓராண்டில் கதவில் பூட்டுத் தொங்கும். ஒரு பொதுக் கட்டடம் பயன்படுமா என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: அது எங்கே நிற்கிறது, அதைத் தினமும் யார் திறக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகே அளவு நாடாவைக் கையில் எடுக்க வேண்டும். வார்டு உறுப்பினர்கள், ஊராட்சித் தலைவர்கள், ஊர்ப் பொறுப்பில் இருப்பவர்கள், புதிதாக வேலைக்கு வந்த இளம் பொறியாளர்கள் ஆகியோருக்காக எழுதியது இது.

இருப்பதைக் கணக்கெடுங்கள்

ஊரில் ஏற்கெனவே நிற்கும் பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பரப்பளவு, கட்டிய ஆண்டு, வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, மின்கட்டணம் கட்டுவது யார் என்று குறித்தால் போதும். பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடும் நூலகம் படிக்கிற பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் உதவாது. அங்கே புதுக் கட்டடத்தைவிட மாலை நேரப் பணியாளர்தான் தேவை. பள்ளி வளாகத்தில் மாலையில் காலியாகக் கிடக்கும் வகுப்பறையைப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் திறந்துவிட்டால் பல லட்சம் மிச்சமாகும்.

சில கட்டடங்களுக்கு மக்கள்தொகை அளவுகோல் உண்டு. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு, மலையில் 20,000 பேருக்கு. சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காடு ஒன்றியத்தில் ஒரு கோரிக்கை எழுதும்போது இந்த மலை அளவுகோலைக் குறிப்பிடாமல் விட்டால், சமவெளிக் கணக்குப்படி தகுதி இல்லை என்று மனு திரும்பி வரும்.

ஊராட்சி என்றால் இதைக் கிராம சபையில் வையுங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் "சமுதாயக் கூடம் வேண்டும்" என்று ஒற்றை வரி எழுதினால் பயன் இல்லை. எத்தனை பேருக்கு, எந்த நேரத்தில், யார் பொறுப்பில், ஆண்டுச் செலவு எந்தக் கணக்கிலிருந்து என்ற நான்கும் அந்தத் தீர்மானத்திலேயே வர வேண்டும்.

இடம்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். இடம் தவறினால் பிறகு எந்தப் பணமும் அதைச் சரிசெய்யாது.

முதலில் ஆவணம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டின் (நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய பதிவேடு) நகல், அடங்கல் (நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது என்ற கணக்கு), புல வரைபடம் (எல்லையைக் காட்டும் படம்) மூன்றையும் வாங்குங்கள். அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே என்ன வகைப்பாடு என்று பாருங்கள். கிராம நத்தம் (குடியிருப்புக்கு ஒதுக்கிய நிலம்) என்றால் பெரும்பாலும் சிக்கல் குறைவு. ஏரி, குட்டை, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் அரசுக் கட்டடமே ஆனாலும் நீதிமன்றம் நிறுத்திவிடும், பாதியில் நிற்கும் தூண்களுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. மேய்க்கால், களம், வண்டிப்பாதை என்று இருந்தால் வகைமாற்றம் தேவை, அதற்கு மாற்று நிலம் காட்டச் சொல்வார்கள். கோயில் நிலமா என்பதை அறநிலையத் துறையிடமும், காட்டு எல்லையை ஒட்டியிருந்தால் வனத்துறையிடமும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக "ஒன்றும் இல்லை" என்று சொன்னதை நம்பிக் கடைக்கால் தோண்டக் கூடாது.

நிலம் வேறு துறையுடையது என்றால் நிலமாற்றம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று கோப்பு போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். இடையில் வேலை தொடங்க முன்நுழைவு அனுமதி கேட்கலாம். நிதி ஒதுக்கீடு வந்த பிறகு இதை ஆரம்பிக்கிறவர்கள்தான் நிதியாண்டு முடிந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நிலக் கோப்பை நிதிக்கு ஓராண்டு முன்னதாகவே நகர்த்துங்கள்.

அடுத்தது நடை. கர்ப்பிணிப் பெண், முதியவர், ஆறு வயதுக் குழந்தை ஆகிய மூவரும் பதினைந்து நிமிடத்தில் நடந்து சேர முடிகிற இடமா என்று பாருங்கள். பேருந்து நிறுத்தத்துக்கும் சந்தைக்கும் பக்கம் என்றால் சுற்றுக் கிராமத்துக்காரர்கள் ஒரே பயணத்தில் எல்லா வேலையையும் முடித்துக்கொள்வார்கள். சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் குடியிருப்பு ஒரு பக்கமும் புதுக் கட்டடம் மறுபக்கமும் அமைந்தால், அங்கன்வாடிக்கும் நூலகத்துக்கும் போகிற பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டிவரும். இலவசமாகக் கிடைத்தாலும் அந்த இடம் வேண்டாம். ஊருக்கு நடுவே பத்து சென்ட், ஊருக்கு வெளியே ஓர் ஏக்கர் என்று இரண்டு வாய்ப்பு இருந்தால் பத்து சென்டில் மாடி போட்டுக் கட்டுவதே மேல்.

மூன்றாவது தண்ணீர். திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி, சுவேத நதி எல்லாம் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால் அவற்றின் ஓடைகள் எங்கே ஓடும் என்பதை ஊரே மறந்துவிடும். சேலத்தில் கனத்த மழை ஆவணி முதல் ஐப்பசி வரை. அந்த மாதங்களில் ஒரு முறை இடத்தைப் போய்ப் பாருங்கள். பார்க்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டுச் சுவரில் நீர் நின்ற கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். 11 கிலோவோல்ட் கம்பியிலிருந்து கட்டடம் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், 33 கிலோவோல்ட் என்றால் 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மேலே போகிற கம்பிக்கும் கூரைக்கும் 3.7 மீட்டர் வேண்டும். கம்பியை மாற்றிப் போடுவது நடக்கக்கூடியதுதான், ஆனால் அதன் கட்டணம் உங்கள் மதிப்பீட்டில் இருக்க வேண்டும்.

மண்

சேலம் வட்டாரத்தில் நூறு அடி நடந்தால் மண் மாறும். ஒரு பக்கம் செம்மண், அடியில் சரளை, ஆறடியில் பாறை. இன்னொரு பக்கம் கரிசல், இடையில் சுண்ணாம்புச் சுக்கான். கட்டடத்தின் மூலைகளிலும் நடுவிலுமாகக் குறைந்தது மூன்று இடத்தில் எட்டு முதல் பத்தடி ஆழம் குழி எடுத்துப் பாருங்கள். மாடி வரும் என்றால் துளையிட்டுத் தாங்குதிறன் சோதனை செய்வது அவசியம். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதில் சாதாரணக் கடைக்கால் போட்டால் இரண்டாம் கோடையிலேயே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும்.

இந்தப் பக்கம் அடிக்கடி ஏமாற்றுவது மூடிய கிணறு. வயலாக இருந்து மனையான நிலத்தில் பழைய கிணற்றைக் குப்பையும் மண்ணும் போட்டு மேவியிருப்பார்கள். பழைய புல வரைபடத்தில் கிணற்றுக் குறி இருக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அதன்மேல் ஒரு தூண் விழுந்தால் அந்த மூலை மட்டும் இறங்கும்.

அளவும் அமைப்பும்

எத்தனை சதுர அடி என்பதை நிதியைப் பார்த்து முடிவு செய்யாமல், உள்ளே நடக்கப்போகும் வேலையை வைத்துக் கணக்கிடுங்கள். சமுதாயக் கூடத்தின் உணவுக் கூடம் நல்ல எடுத்துக்காட்டு. ஒரு இலைக்கு இரண்டு அடி. பந்திக்கு நூறு பேர் என்றால் 200 அடி நீள மேசை. மேசை, நாற்காலி, பரிமாறுகிறவர் நடக்கும் வழி எல்லாம் சேர்த்து ஒரு வரிசைக்கு ஏழரை அடி அகலம். ஆக 1,500 சதுர அடி, கைகழுவும் இடத்துக்குப் போகும் வழியோடு 1,800. இதை 1,200-க்குள் அடக்கினால் அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்கள் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். சமையற்கூடம் கூடத்துக்குத் தெற்கிலோ மேற்கிலோ வந்தால் தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் புகை முழுவதும் உள்ளே வரும். வடகிழக்கு ஓரத்தில் வையுங்கள்.

அங்கன்வாடிக்கு 600 சதுர அடி என்பது நடைமுறை அளவு: உட்காரும் அறை, சமையலறை, பொருள் அறை, குழந்தைகள் உயரத்துக்கான கழிப்பறை. வெளியே விளையாட நிழலான இடம் தனி.

நூலகத்தில் புத்தக எடைதான் சிக்கல். வகுப்பறைத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 300 கிலோ தாங்கும்படி வடிவமைக்கிறோம். புத்தக அடுக்கு அறைக்கு 2.2 மீட்டர் உயர அடுக்குக்கே 600 கிலோ வேண்டும். மக்கள் கூடும் அரங்கில் நகர்த்தக்கூடிய நாற்காலி என்றால் 500. வகுப்பறைக்குப் போட்ட பிளானை அப்படியே நூலகமாக்கி, புத்தக அடுக்கை மாடியில் வைத்தால் தளம் தொய்யும். அடுக்கைத் தரைத்தளத்தில் வைத்து வாசிப்பறையை மேலே கொண்டுபோகலாம். ஆனால் முதியவர்கள் செய்தித்தாள் படிக்கும் மேசை மட்டும் கீழேயே இருக்கட்டும்.

வெயிலுக்கு: கட்டடத்தின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம். அங்கே படிக்கட்டு, கழிப்பறை, பொருள் அறை மூன்றையும் நிறுத்தினால் மாலை வெயில் அவற்றோடு நின்றுவிடும். தெற்கே எட்டடித் தாழ்வாரம். கூரைக்குச் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு) போட்டு மேலே தட்டோடு அல்லது வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிக்க வேண்டும். வெறும் கான்கிரீட் தளத்தின் கீழ் சித்திரையில் யாரும் உட்கார மாட்டார்கள்.

சுருக்கியின் வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம். மழைநீர்க் குழாய் நான்கு அங்குலம் என்றால், கனத்த மழைக்கு ஒரு குழாய் சுமார் 40 சதுர மீட்டர் கூரையைத்தான் சமாளிக்கும். 200 சதுர மீட்டர் கூரைக்கு ஐந்து குழாய். இரண்டோடு நிறுத்துவதால்தான் மொட்டை மாடியில் நீர் தேங்கி, மூன்றாம் ஆண்டில் உள்கூரை உதிர்கிறது. அந்த நீரை வீணாக்கவும் கூடாது: 200 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை, அதில் எண்பது விழுக்காடு பிடித்தால் 1,44,000 லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம்.

சாய்தளம் பிளான் முடிந்தபின் ஒட்டவைக்கும் சமாச்சாரமாகவே இன்னும் நடத்தப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வந்த பிறகும் இப்படித்தான் என்பது வருத்தத்துக்குரியது. சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. பேஸ்மட்டம் (கட்டடத்தின் தரை உயரம்) சாலையைவிட 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம், 60 என்றால் 7.2 மீட்டர். சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்வதால் 60-ஐயே பரிந்துரைக்கிறோம். ஆகவே அந்த 7.2 மீட்டரும், மேலும் கீழும் திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளமும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது, கதவு 90 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி திரும்பும் கழிப்பறை ஒன்று தரைத்தளத்தில் கட்டாயம், அதைப் பொருள் அறையாக்கிப் பூட்டக் கூடாது.

பெண்கள் கழிப்பறையின் வாசல் கூட்டம் உட்காரும் பக்கம் பார்க்கக் கூடாது. எண்ணிக்கை ஆண்களுக்கு உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். செப்டிக் டேங்க்கின் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ குறைந்தது 18 மீட்டர் தள்ளி.

மலையில் கட்டுவதென்றால்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சேலத்தைவிட அதிக மழையும் பனிமூட்டமும் உள்ள இடம். சமவெளிப் பிளானை மேலே கொண்டுபோகவே கூடாது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வரும் கிராமங்களில் நகர் ஊரமைப்புத் துறை அனுமதியோடு வனம், புவியியல் மற்றும் சுரங்கம், வேளாண் பொறியியல் துறைகளின் தடையின்மைச் சான்றும் வேண்டும். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி.

காட்டு நிலத்தை ஒட்டிய பழங்குடிக் கிராமங்களுக்கு ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2): பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, சமுதாயக் கூடம் உள்ளிட்ட பதின்மூன்று வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தைக் கிராம சபைப் பரிந்துரையின்பேரில் கொடுக்கலாம். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-க்கு மேல் போகக் கூடாது.

கட்டடத்தில் பாதி வெட்டிய மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்பதுதான் மலையில் நடக்கும் பெரிய தவறு. கொட்டிய பாதி இறங்கும், நடுவே பிளக்கும். முழுவதும் வெட்டிய தரையில் நிறுத்துங்கள், அல்லது சரிவோடு படிப்படியாகத் தளத்தை இறக்குங்கள். தாங்குசுவரில் நான்கு அங்குல வடிகுழாய்கள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, பின்னால் ஓரடிக் கல்அடுக்கோடு இருக்க வேண்டும். அந்தக் கல்அடுக்கு இல்லாமல் குழாயை மட்டும் வைத்தால் ஒரே மழையில் மண் அடைத்து, தேங்கிய நீரின் அழுத்தத்தில் சுவர் முன்னால் சாயும். கட்டடத்துக்கு மேல்பக்கச் சரிவில் நீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் வேண்டும். தோண்டிய மண்ணைக் கீழே தள்ளி ஓடையை அடைக்கக் கூடாது.

சாய்கூரையே பொருத்தம். சேலம்–ஏற்காடு சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால் நீளக் கம்பியும் பெரிய லாரியும் ஏற்றுவது கடினம். ஏற்றுக்கூலியைத் தனி வரியாக மதிப்பீட்டில் காட்டுங்கள். கோடை விழாக் கூட்டம் உள்ள மே மாதத்தில் பொருள் ஏற்றத் திட்டமிடாதீர்கள்.

பணமும் டெண்டரும்

நிதி வழிகள் தெரிந்தவைதான்: சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி, மக்கள் பங்கு மூன்றில் ஒன்று போட்டால் நமக்கு நாமே திட்டம். நூலகம் என்றால் சொத்து வரியோடு வசூலாகும் பத்து விழுக்காடு நூலக வரியை நினைவூட்டுங்கள்.

மதிப்பீட்டில் விட்டுப்போவது எப்போதும் ஒரே பட்டியல்: மின் இணைப்பு, போர்வெல், சுற்றுச்சுவர், அணுகுசாலை, வடிகால், மேசை நாற்காலி, புத்தக அலமாரி. கட்டடம் முடிந்து மின் இணைப்புக்காக எட்டு மாதம் காத்திருக்கும் நிலை இதனால்தான் வருகிறது. பணம் போதாவிட்டால் அறையைக் குறையுங்கள், இவற்றைக் குறைக்காதீர்கள். பிறகு மாடி கட்டும் எண்ணம் இருந்தால் கடைக்காலையும் தூணையும் இப்போதே அதற்கேற்பப் போட்டு, நீட்டிவிட்ட கம்பிகளைத் துருப்பிடிக்காமல் மெலிந்த கான்கிரீட்டால் மூடிவையுங்கள்.

நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒப்பந்தம், பணி ஆணை என்ற வரிசை மாறாது. டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும்.

கட்டும்போது

நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு வரைபடப்படி சேலம் நிலநடுக்க மண்டலம் மூன்றில் இருக்கிறது. ஆகவே தூண், பீம் ரிங்குகளின் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள்) கொக்கி 135 டிகிரி உள்ளே மடங்க வேண்டும். வேகத்துக்காக 90 டிகிரியில் விடுவது வழக்கம், நிலம் அதிரும்போது அந்த ரிங் திறந்துகொள்ளும். கான்கிரீட் போடும் முன்பு பார்த்தால்தான் உண்டு, போட்ட பிறகு யாருக்கும் தெரியாது. கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி விட வைக்கும் கட்டை) தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பீமுக்கு 25 முதல் 30, தூணுக்கு 40, கடைக்காலுக்கு 50. கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை வைக்க விடாதீர்கள்.

எம்20 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்) கலவையை வேலையிடத்தில் கலந்தால் ஒரு மூட்டை சிமெண்டுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) சீக்கிரம் வறண்டு போவதுபோலத் தெரிவதால் கூடுதலாக ஒரு குடம் ஊற்றுவார்கள், வலிமை அங்கேதான் போகிறது. கியூப் (வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி) எடுப்பதில் ஐந்து கன மீட்டர் கான்கிரீட் வரை ஒரு மாதிரி, பதினைந்து வரை இரண்டு, முப்பது வரை மூன்று. ஒரு மாதிரிக்கு மூன்று கியூப். 28-ஆம் நாள் முடிவு வராமல் மேல்தளப் பில் போடக் கூடாது. கான்கிரீட்டை நனைத்து வைக்கும் கியூரிங் சேலத்து வெயிலில் பத்து நாளுக்குக் குறையக் கூடாது, கலப்புச் சிமெண்ட் என்றால் பதினான்கு. தாங்கல்களுக்கு இடையே நாலரை மீட்டர் வரை நீளும் தளத்தின் முட்டுக்கால்களை ஏழு நாளுக்கு முன்பும், அதற்கு மேல் பதினான்கு நாளுக்கு முன்பும் எடுக்கக் கூடாது. அடுத்த வேலைக்குச் சென்ட்ரிங் பலகை வேண்டும் என்ற அவசரத்தில் இங்கேதான் விதி மீறப்படுகிறது.

ஒப்படைப்பும் பிறகும்

திறப்பு விழாவுக்கு முன்பு மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும்: கட்டியபடியான வரைபடம் (குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்பதோடு), கியூப் முடிவுகள், பொறுப்பாளர் பெயருடன் திறப்பு நேர ஆணை. சமுதாயக் கூட வாடகையிலிருந்து ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போடத் தீர்மானம் எழுதுங்கள். பெண்கள் சுயஉதவிக் குழுவிடம் நிர்வாகத்தைக் கொடுத்தால் கூடம் சுத்தமாக இருக்கும், கணக்கும் ஒழுங்காக வரும். அதை ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆண்டுதோறும் ஆடி மாதம், மழைக்கு முன், மொட்டை மாடியைக் கூட்டி, குழாய் வாய்களில் அடைத்த இலையை எடுத்து, தட்டோடுகளின் இணைப்பைப் பார்க்க வேண்டும். முதல் மழைக்காலம் முடிந்ததும் கசிவு, விரிசல், கதவு இறுக்கம் எல்லாவற்றையும் படத்துடன் பட்டியலிட்டு, ஒப்பந்தத்தில் உள்ள குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிவதற்குள் ஒப்பந்ததாரருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் உதவிப் பொறியாளருக்கு. அந்தத் தேதிக்குப் பிறகு கடிதம் போனால் பழுதுபார்ப்புச் செலவு ஊர்ப் பணத்திலிருந்துதான் போகும்.